கண்ணாடிப் பெட்டிக்குள் சேலத்துச் சிலந்தி

சேலத்தின் பெயரைச் சொல்லி விற்பவை என்னென்ன என்று கேட்டால் மாம்பழம், ஜவ்வரிசி, வெண்பட்டு, இரும்பு என்று நம்மூர்க்காரர்கள் அடுக்குவார்கள். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ சிலந்தி வளர்ப்பவர் ஒருவரிடம் கேட்டால் அவர் சொல்லும் பெயர் வேறு: 'சேலம் ஆர்னமென்டல்'. அங்கே செல்லப்பிராணிச் சந்தையின் விலைப்பட்டியலில் பல ஆண்டுகளாக இருக்கும் சரக்கு அது. மரப்பொந்தில் குடியிருக்கும் டாரன்டுலா வகைச் சிலந்தி. வளர்ந்த பெண் சிலந்தி காலை விரித்தால் ஆறு அங்குலத்தை எட்டும். அறிவியல் பெயர் பொசிலோதீரியா ஃபார்மோசா.

அதை வளர்ப்பவர்களில் பலருக்குச் சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் அதற்கு எவ்வளவு வெப்பம் தேவை, எத்தனை நாளைக்கு ஒரு பாச்சை போட்டால் போதும், எப்போது தோலுரிக்கும், எப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஓமலூரிலும் ராசிபுரத்திலும் வாழும் நமக்கோ அப்படி ஒரு உயிர் இருப்பதே தெரியாது. என்றைக்காவது வீட்டுச் சுவரில் தென்பட்டால் 'எட்டுக்கால் பூச்சி' என்று அலறி விளக்குமாற்றை எடுப்போம். அவ்வளவுதான் உறவு.

இப்போது வெளிநாட்டு ஆசை இங்கேயும் வந்துவிட்டது. 2021 ஜூலைத் தொடக்கத்தில், போலந்திலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்துக்கு வந்த ஒரு பார்சலைச் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். சேர வேண்டிய முகவரி அருப்புக்கோட்டையில் இருந்தது. உள்ளே தெர்மாகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அறிவியலாளரும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் வந்து பார்த்து, மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த டாரன்டுலாக்கள் என்று கணித்தார்கள். இறக்குமதி உரிமமும் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. பார்சலை வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று.

நூற்றேழு என்பது ஒருவர் ஆசைக்கு வளர்க்கும் கணக்கா, விற்பனைக் கணக்கா என்பதை வாசகர்களே யோசிக்கலாம். கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி, பஞ்சுக்குள் மூச்சடக்கி ஒரு சிலந்தி அருப்புக்கோட்டைக்கு வரப் பார்க்கிறது. அதே வேளையில் நம் மண்ணின் சிலந்தி ஐரோப்பாவில் பெட்டிக்குள் குஞ்சு பொரித்துப் பெருகிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், புளியமரப் பொந்தில் இருக்கும் உண்மையான சேலத்துச் சிலந்தியை யார் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

காடையாம்பட்டியிலிருந்து லண்டனுக்கு

இந்தச் சிலந்திக்குப் பெயர் சூட்டியவர் ரெஜினால்ட் இன்னஸ் போகாக். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், பிற்பாடு லண்டன் உயிரியல் பூங்காவின் கண்காணிப்பாளரானவர். இந்தியாவிலிருந்து போய்ச் சேர்ந்த சிலந்தி, தேள் மாதிரிகளை ஆராய்ந்து 1900-இல் அவர் வெளியிட்ட நூல்தான் நம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றிய படிப்புக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1899-இல், சேலத்துக்கு வடக்கே காடையாம்பட்டியில் பிடிபட்ட மாதிரியை வைத்து அவர் ஃபார்மோசாவை விவரித்தார். சேர்வராயன் மலையின் மேற்குச் சரிவுக்கும் தருமபுரிப் பாதைக்கும் இடைப்பட்ட ஊர். இன்றைக்குத் தாலுகா தலைநகரம்.

அதே 1899-இல் போகாக் பொசிலோதீரியா பேரினத்தின் இன்னும் சில மரச்சிலந்திகளுக்குப் பெயர் கொடுத்தார். அவற்றில் ஒன்று அரக்கோணத்திலிருந்து கிடைத்த ரெகாலிஸ். மற்றொன்று ஆந்திரத்தின் குத்தியில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த மெட்டாலிகா, உடலெங்கும் மயில்நீலம் மின்னும் சிலந்தி. அரக்கோணமும் குத்தியும் அன்றைய மெட்ராஸ் ரயில்வேயின் தடத்தில் இருந்த ஊர்கள். சேலத்துக்கும் அதே கம்பெனியின் ரயில்தான் ஓடியது. காட்டு மரத்தை வெட்டி, ரயிலுக்கு விறகாகவும் தண்டவாளக் கட்டையாகவும் குவித்த காலம் அது. பொந்துள்ள மரத்தோடு அதில் குடியிருந்த சிலந்தியும் பயணப்பட்டிருக்கும். மெட்டாலிகா குத்திக்கு அப்படித்தான் மரத்தோடு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதை யாரும் பார்க்கவில்லை. 2001-இல் குத்தியிலிருந்து வெகுதூரம் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில்தான் மறுபடி கண்ணில் பட்டது. கண்ணில் பட்ட சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு சிலந்தி நூற்றுக்கணக்கான டாலருக்குப் போனது.

இந்திய வர்த்தகக் கொள்கை காட்டு விலங்குகளை ஏற்றுமதி செய்ய இடம் கொடுப்பதில்லை. அப்படியிருக்க முதல் ஜோடி எந்த வழியாகக் கடல் தாண்டியது? வளர்ப்பவர்கள் இந்தக் கேள்வியை விரும்புவதில்லை. 'இது பெட்டியிலேயே பிறந்த குஞ்சு' என்பார்கள். குஞ்சு பெட்டியில் பிறந்தது என்பது உண்மை. அதன் பாட்டி பிறந்தது இங்கே ஒரு மரத்தில்.

பொந்துக்குள் குடும்பம்

மரச்சிலந்தியைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் முதுகைத்தான் பார்க்கிறார்கள். சாம்பல், பழுப்பு, வெளிர்மஞ்சள் கலந்த கோலம். பழைய புளியமரத்தின் பட்டை மேல் அது அசையாமல் அப்பியிருந்தால் முகத்தை ஒரு முழத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் தெரியாது. சீண்டினால்தான் மறுபக்கம் தெரியும். முன்னங்கால்களைத் தூக்கி நிமிரும்போது அடிப்பக்கத்தில் எலுமிச்சை மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாகப் பளிச்சிடும். எச்சரிக்கை அது. இந்தப் பேரினத்தின் சிலந்திகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய ஆய்வாளர்கள் பார்ப்பதும் காலின் அடிப்பக்கத்து வண்ண வரிசையைத்தான்.

பகலெல்லாம் பொந்துக்குள் இருக்கும். பொந்தின் வாயில் பட்டை போல வலை பின்னி, மரத்தூளையும் பட்டைத் துணுக்கையும் அதில் ஒட்டி வைத்திருக்கும். இருட்டியதும் கால் நுனிகள் வாசலுக்கு வரும். அதற்குப் பார்வை மங்கல். உலகை அறிவது அதிர்வால். கரப்பானோ பாச்சையோ விட்டில்பூச்சியோ மரத்தில் நடக்கும் சிறு நடுக்கம் கால் மயிர்களுக்கு எட்டியதும் பாய்ந்து பிடிக்கும். சில சமயம் பல்லிக்குட்டியும் அகப்படும். ஆபத்து என்றால் முதலில் ஓட்டம்தான், கண் இமைப்பதற்குள் பொந்துக்குள் போய்விடும். மரத்திலிருந்து விழும்போது எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு இறங்குவதால் இவற்றுக்குப் 'பாராசூட் சிலந்தி' என்று பெயர் வந்தது.

என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு குணம். பெரும்பாலான டாரன்டுலாக்கள் தனிக்குடித்தனம். தன் இனத்தையே தின்றுவிடும். மரச்சிலந்திக் குஞ்சுகளோ தாயோடு அதே பொந்தில் மாதக்கணக்கில் தங்குகின்றன. ஒரே பொந்தில் சிறிசும் பெரிசுமாகப் பல அளவுச் சிலந்திகள் சேர்ந்திருப்பதைக் களத்தில் கண்டிருக்கிறார்கள். நல்ல பொந்து கிடைப்பது அரிது என்பதால் இப்படி ஒட்டி வாழப் பழகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் ஒரு கிழட்டு மரம் சாய்ந்தால் ஒரு சிலந்தி அல்ல, ஒரு குடும்பமே போகிறது.

பெண் சிலந்தி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணுக்கு ஆயுசு குறைவு. கடைசித் தோலை உரித்துப் பருவமடைந்ததும் பொந்தை விட்டுப் பெண் தேடி அலையத் தொடங்கும். பல ஆண்கள் அடுத்த ஓராண்டுக்குள் இறந்துவிடும். மழைக்காலத்தை ஒட்டி வீட்டுச் சுவரிலும் விளக்கடியிலும் தென்படுபவை பெரும்பாலும் இப்படி அலையும் ஆண்கள். யாரையும் கடிக்க வந்தவை அல்ல.

வளர்ப்பவர் வீட்டில்

வளர்ப்பு எப்படி நடக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உண்மையான அக்கறை இருக்கிறது. தரைச் சிலந்திக்குப் பெட்டி அகலமாக வேண்டும். மரச்சிலந்திக்கு உயரமாக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் கார்க் மரப்பட்டைக் குழாய் ஒன்றை நெட்டுக்குத்தாக நிறுத்துவார்கள்; அதுதான் பொந்து. அடியில் தேங்காய் நார்த்தூள். உலகச் சந்தைக்கு நார்த்தூளை அனுப்பும் இடங்களில் நம் கொங்குப் பகுதியும் ஒன்று, ஆகவே ஏதோ ஒரு ஜெர்மன் நகரத்தில் சேலத்துச் சிலந்தி பொள்ளாச்சித் தூளின் மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. பெட்டியின் இரு பக்கமும் காற்றுத் துளை, சிறு கிண்ணத்தில் தண்ணீர், 24 முதல் 28 டிகிரி வெப்பம். வளர்ந்த சிலந்திக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பாச்சையோ கரப்பானோ போதும். கையில் எடுத்துக் கொஞ்சும் பேச்சே கிடையாது. நல்ல வளர்ப்பாளர்கள் அதைத் தொடுவதே இல்லை.

அவர்கள் பொறுமையாகக் கவனித்ததால்தான் தோலுரிப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறது. வாரக்கணக்கில் தின்னாமல் மந்தமாகிவிடும். பிறகு ஒருநாள் மல்லாந்தோ ஒருக்களித்தோ படுக்கும். முதுகு ஓடு மூடி போலத் திறக்கும். ஒவ்வொரு காலாகப் பழைய உறையிலிருந்து உருவி வெளியே எடுக்கும், மணிக்கணக்காகும். வெளியே வந்த புது உடம்பு பால் போல மெத்தென்றிருக்கும். கொடுக்குப் பற்கள் முதலில் வெள்ளை, பிறகு செந்நிறம், கடைசியில்தான் கறுப்பு. அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு கரப்பானை விட்டுவைத்தால், கரப்பான் சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். உரித்துப் போட்ட தோலைத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, உள்ளே இருக்கும் உறுப்பின் அச்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம்மூர் இளைஞர்கள் சிலர், இப்படி வளர்ப்பவர்கள் இணையத்தில் போடும் காணொளிகளைப் பார்த்து மயங்குவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் காணொளியில் கடியைப் பற்றி அதிகம் வராது. அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பல, தற்காப்புக்கு வயிற்று மயிரைத் தேய்த்துப் பறக்கவிடும். பட்டால் தோல் அரிக்கும். நம் மரச்சிலந்திக்கு அந்த மயிர் கிடையாது. அதனிடம் இருப்பது வேகமும் நஞ்சும். சுவிட்சர்லாந்தில் ரெகாலிஸ் கடித்த ஒருவரின் நிலையை ஆராய்ந்து, அதோடு முந்தைய கடிகளையும் தொகுத்து 2014-இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான தசைப்பிடிப்பு. கடித்தவுடன் அல்ல, பத்து மணி நேரம் போல் கழித்து ஆரம்பித்து, சிலருக்கு வாரக்கணக்கில் விட்டு விட்டு வந்திருக்கிறது. இறந்தவர் எவரும் இல்லை. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில், மூடி சரியாக மூடாத பிளாஸ்டிக் டப்பாவில் இதை வைத்திருப்பது பொறுப்பில்லாத வேலை.

சட்டம் எங்கே நிற்கிறது

மரச்சிலந்திகள் இலங்கையிலும் வாழ்கின்றன, அங்கே நிலைமை இன்னும் நெருக்கடியானது. போர் முடிந்த 2009-இல் வடக்கே மாங்குளத்தில் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இறந்த சிலந்தியிலிருந்து தொடங்கிய தேடலின் முடிவில், 2012-இல் பொசிலோதீரியா ராஜேயி என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. பழைய மருத்துவமனையின் மருத்துவர் குடியிருப்பில் அது காணப்பட்டது. மரங்கள் போன பிறகு இடிந்த கட்டடத்தைப் பொந்தாக்கிக்கொண்டிருந்தது. தேடலுக்கு உதவிய ராஜகுமார் புராஜா என்ற காவல்துறை அதிகாரியின் பெயரைத்தான் அந்தச் சிலந்தி தாங்கியிருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பெயர் சூட்டல் இது.

அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகளின் மாநாடு 2019-இல் கொழும்பில் நடக்க இருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் அது ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. அங்கே இலங்கையும் அமெரிக்காவும் முன்வைத்த தீர்மானப்படி பொசிலோதீரியா பேரினம் முழுவதும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 26 முதல், எந்த மரச்சிலந்தியும் அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் பட்டியலிலுள்ள உயிரினங்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 2024-இல் வந்த விதிகள் அதற்குப் பரிவேஷ் இணையதளத்தை வழியாக்கின. வைத்திருப்பது மட்டுமல்ல, குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய்ப் பிடிப்பது வனச் சட்டப்படி தனிக் குற்றம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் இந்த இனம் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்க மாட்டேன். பெட்டியில் வளர்பவற்றின் மூலம் எந்த மலை, எந்த மரம் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களைக் கலந்து ஈன்றவையும் சந்தையில் உண்டு. அவற்றை நாளைக்குக் கொண்டுவந்து கொல்லிமலை அடிவாரத்தில் விட முடியாது. விட்டால் இருப்பதையும் கெடுத்துவிடும். பெட்டிக்குள் இருப்பது சேலத்தின் பெயர். சேலத்துச் சிலந்தி அங்கே இல்லை.

மரம் இருந்தால்தான் பொந்து

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் 2008-லேயே ஃபார்மோசா 'அழிவாபத்தில் உள்ளது' என்ற நிலையைப் பெற்றுவிட்டது. மெட்டாலிகாவும், ராமேசுவரத்தின் புளியந்தோப்புகளிலிருந்து 2004-இல் விவரிக்கப்பட்ட ஹனுமவிலாசுமிகாவும் அதற்கும் மோசமான நிலையில் இருக்கின்றன. இந்த மதிப்பீடுகளுக்குப் பின்னால் கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த சஞ்சய் மோலூர், மஞ்சு சிலிவால் ஆகியோரின் உழைப்பு இருக்கிறது. சிலந்திக்காக வெயிலில் மரம் மரமாக அலைந்தவர்கள் நம் நாட்டில் மிகச் சிலர்.

ஆபத்து பிடிப்பவர்களால் மட்டும் வரவில்லை. சேலம்–நாமக்கல்–கரூர் சாலை இருவழியாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புளியமரங்கள் தெரியும். வண்டிக்கூரை மேல் கிளைகள் கோத்து நிழல் போட்டவை. ஆண்டுதோறும் புளி உலுக்க ஏலம் விடப்பட்டவை. நான்குவழிச் சாலைக்காக அவை வரிசையாகச் சாய்ந்தன. புதிதாக நட்ட கன்றுகள் வளரவில்லையா என்றால், வளர்ந்திருக்கின்றன. ஆனால் புளியமரத்தில் சிலந்தி குடியேறும் அளவுக்குப் பொந்து விழ ஒரு தலைமுறை போதாது. கிளை ஒடிந்து, மழை இறங்கி, கரையான் அரித்து, உள்மரம் உளுத்துப்போக வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் பார்வையில் அது ஆபத்தான மரம், முதலில் வெட்ட வேண்டியது. அந்தப் பொந்தில்தான் கிளி, ஆந்தை, உடும்பு, மரப்பல்லி எல்லாம் முறைவைத்துக் குடியிருக்கின்றன.

சேர்வராயன், போதமலை, கொல்லிமலை அடிவாரங்களில் ஊர்ப்பொதுவிலும் கோயில் நிலத்திலும் கிழட்டு மரங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. சாலையோரத்தில் கிளையை மட்டும் கழித்து, தண்டை விட்டுவைக்கலாம். பொந்துள்ள மரத்தை வெட்டும் முன் இரவில் ஒரு தரம் விளக்கடித்துப் பார்க்கலாம். பொந்துக்குள் நெருப்பு மூட்டித் தேனெடுக்கும் பழக்கத்தை நிறுத்தலாம். கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்களுக்குக் கொல்லிமலையின் எழுபது வளைவுக்குக் கீழே இருக்கும் இந்த மரங்களைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. சிவப்புத்தாள் சுற்றிய டார்ச் ஒன்று போதும். வெள்ளை வெளிச்சம் பட்டால் சிலந்தி உள்ளே போய்விடும். ஆனால் கண்ட இடத்தின் துல்லியமான குறிப்பைப் பொதுவில் போடக் கூடாது. பிடிப்பவர்களும் அதையேதான் படிக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது? விளக்குமாறு வேண்டாம். வெறுங்கையும் வேண்டாம். வாயகன்ற ஒரு டப்பாவை அதன் மேல் மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். கால் நசுங்காமல் பார்த்துக்கொண்டு, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே கெட்டியான அட்டையைச் செருக வேண்டும். அட்டையோடு சேர்த்துத் தூக்கிப்போய், இருட்டிய பிறகு, பக்கத்திலிருக்கும் முதிர்ந்த மரத்தின் தண்டில் டப்பாவைச் சாய்த்து வைத்து, அட்டையை உருவிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஏறுவதற்கு அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தப்பித்தவறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அன்றைக்கு வலி குறைந்தாலும், அடுத்த நாள் தசை இழுத்துப் பிடித்தால் மறுபடியும் போய்க் காட்டுங்கள். கடித்தது மரச்சிலந்தி என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.